பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கிற ஊர் வீடு: எதை எப்படி மூடிவிட்டு வாறது?

கொக்குவில்_ஸ்காபரோ எழுதியது:

வணக்கம் உறவுகளே. கொக்குவிலில் மூன்று பரப்புக் காணியில் ஓட்டு வீடு. முன்பக்கம் 1970களில் கட்டியது. குசினியும் குளியலறையும் பிறகு பிளாட் (தட்டையான கொங்கிறீற்றுக் கூரை) போட்டுக் கட்டியவை. நல்லூர்க் கொடியேற்றத்தை ஒட்டி ஐந்து கிழமை திறக்கிறது, மிச்ச நாளெல்லாம் பூட்டு.

ஒவ்வொரு ஆண்டும் திறக்கிற அன்றைக்கு ஒரே கூத்துத்தான். கிணற்றுத் தண்ணி கூழ்முட்டை மணக்கும். மோட்டர் உறுமும், சுத்தாது. சுத்தினாலும் தண்ணி ஏறாது. மெயினைப் போட்டவுடன் ட்ரிப் அடிக்கும். குளியலறைக்குள் கால் வைக்கேலாத நாற்றமும் கரப்பானும். அலுமாரிக்குப் பின்னால் கறையான் புற்று. கூரை ஒழுகின அடையாளம் ஒவ்வொரு முறையும் புது இடத்தில். விடுமுறையில் முதல் ஒரு கிழமை வேலையாள் தேடுறதிலேயே போகுது, செலவும் கூடிக்கொண்டே வருது.

கிணறு 10 அடி விட்டம், 22 அடி ஆழம். ஆகஸ்டில் 6 அடி தண்ணி நிக்கும். மோட்டர் 1 குதிரைவலு, கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருக்கு. இந்த முறை பூட்டும்போது என்னென்ன செய்துவிட்டு வரவேணும்? விசயம் தெரிஞ்ச ஆக்கள் விவரமாச் சொல்லுங்கோ. கைக்குழந்தையோடும் வர இருக்கிறோம்.

கிணற்றடி எழுதியது:

கைக்குழந்தை வருது என்றபடியால் தண்ணியில் இருந்து தொடங்குறன்.

கூழ்முட்டை மணம் வந்தால் ஊற்றுக் கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை. அள்ளாத கிணற்றில் வேப்பம் பூவும் இலையும் விழுந்து அடியில் அழுகும். அங்கே ஒட்சிசன் தீர்ந்தவுடன் ஐதரசன் சல்பைட்டு உண்டாகும், அதுதான் மணக்கிறது. வெறும் மருந்து போட்டால் இரண்டு நாளில் திரும்ப மணக்கும். சேறு எடுக்கவேணும். அதுக்குச் சரியான காலம் நீங்கள் நிற்கிற ஆகஸ்ட், செப்டெம்பர்தான். மாரியில் நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும்போது கிணற்றை ஒட்ட இறைத்தால் வெளியில் இருந்து தள்ளுகிற அழுத்தத்தில் உட்கட்டு சரிய இடமிருக்கு. இன்னொன்றையும் மறக்காதேங்கோ: பெற்றோலில் ஓடுகிற இறைப்பு இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓடவிட ஒருவரையும் விடக்கூடாது. அந்தப் புகை கிணற்றுக்குள் தங்கி ஆளைக் கொன்றுவிடும்.

சேறு எடுத்து, தண்ணி பழைய மட்டத்துக்கு ஊறிய பிறகு குளோரீன். கணக்கு இப்படி: 10 அடி விட்டக் கிணற்றில் ஒவ்வோர் அடி தண்ணிக்கும் ஏறக்குறைய 2,200 லீற்றர். லீற்றருக்கு 20 மில்லிகிராம் குளோரீன் போகவேணும். சுகாதாரக் கந்தோரில் ரீ.சி.எல். என்று தருகிற பிளீச்சிங் பவுடரில் குளோரீன் 30 வீதமளவில் இருக்கும். ஆகவே அடிக்கு 150 கிராம். உங்கள் 6 அடிக்கு 900 கிராம். கட்டிபட்டுப் போன பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும், வாங்காதேங்கோ. பிளாஸ்ரிக் வாளித் தண்ணியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிவை மட்டும் ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்குங்கோ. ரொயிலெற் கழுவுகிற அமிலம் இருந்த வாளியாக இருக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

பிறகு மோட்டரைப் போட்டு, வீட்டில் உள்ள எல்லாப் பைப்பையும் மணம் வரும்வரை திறந்து பூட்டி, ஒரு இரவு விடவேணும். இந்த இடத்தில்தான் பலர் பிழை விடுகினம்: கிணற்றுக்கு மட்டும் போட்டுவிட்டு, தாங்கியிலும் பைப்பிலும் இருக்கிற பாசியை அப்படியே விடுகிறது. மறுநாள் மணம் போகுமட்டும் இறைக்கவேணும். அந்தத் தண்ணியை மலகூடக் குழிக்குள் விடாதேங்கோ, அங்கே கழிவைச் செரிக்கிற பற்றீரியா செத்துப்போகும். பூமரத்துக்கும் வேண்டாம்.

இனிக் குழந்தை. குளோரீன் கிருமியைக் கொல்லும், நைத்திரேற்றை ஒன்றும் செய்யாது. கொக்குவில் அடங்குகிற வலிகாமப் பகுதியில் தோட்டத்து உரமும் மலகூடக் குழிகளும் சுண்ணக்கல் வெடிப்புகளின் வழியே நேரே நிலத்தடி நீருக்கு இறங்கும். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி விட்டிருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு இருக்கேலாது. நைத்திரேற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்தால் நீர் வற்ற வற்றச் செறிவு கூடும், குறையாது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் இருந்தால் சின்னக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவுகிற திறன் குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் காசு கட்டிச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தருகிற கிருமிநீக்கிய போத்தலிலேயே எடுத்து, ஐஸ்பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுக்கவேணும். முடிவு கையில் வருமட்டும் பால்மா கரைக்கப் போத்தல் தண்ணிதான்.

மோட்டர் உறுமுது, சுத்தேல்லை என்றால் உடனே நிப்பாட்டுங்கோ. மாதக்கணக்கில் நின்ற பம்பில் சீல் ஒட்டிப்போகும், உள்ளுக்குத் துருவும் ஏறும். அந்த நிலையில் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்தால் சுருள் எரியும். மெயினை நிப்பாட்டி, பின்பக்க விசிறி மூடியைக் கழற்றிக் கையால் அச்சைச் சுத்திப் பாருங்கோ. லேசாகச் சுத்தியும் மோட்டர் கிளம்பாவிட்டால், அதைக் கிளப்பிவிடுகிற கபாசிற்றர் பலமிழந்திருக்கும். பழையதில் எழுதியிருக்கிற மைக்ரோபரட்டும் வோல்ற்றேச்சும் பார்த்து அதே அளவில் மாற்றவேணும். கழற்ற முதல் அதில் தேங்கிய மின்னை இறக்கத் தெரிந்தவர்தான் கைவைக்கவேணும்.

சுத்துது, தண்ணி ஏறேல்லை என்றால் உறிஞ்சு பைப்பின் அடியில், தண்ணி திரும்ப இறங்காமல் மறிக்கிற ஃபுட்வால்வைப் பார்க்கவேணும். பம்பின் மேல் ஆணியைக் கழற்றித் தண்ணி நிரப்பிப் பத்து நிமிசம் பாருங்கோ. மட்டம் இறங்கினால் வால்வின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கு, அல்லது வேரோ குப்பையோ இடையில் சிக்கியிருக்கு. மட்டம் இறங்காமல் நின்றும் ஏறாவிட்டால் உறிஞ்சு பைப்பின் மூட்டில் காற்று இழுக்குது. வெயில் பட்ட பிவிசி வளைவுகளைத்தான் முதலில் பார்க்கவேணும். உங்கள் கிணற்றில் தண்ணி 16 அடியில் இருக்கு. நிலத்தில் வைத்த பம்ப் 25 அடிக்குக் கீழே இருந்து இழுக்கத்தான் திண்டாடும். ஆகவே பெரிய மோட்டர் வாங்கச் சொல்லி யாரும் சொன்னால் கேட்காதேங்கோ.

வயர்மன் எழுதியது:

ட்ரிப் அடிக்கிறது நல்லது. கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிச் அது, தன்ரை வேலையைச் செய்யுது. அதைக் கழற்றிவிட்டு நேரே வயர் கொடுக்க ஒருவரையும் விடாதேங்கோ.

எல்லாச் சின்ன பிரேக்கரையும் இறக்கி, ட்ரிப் சுவிச்சை மட்டும் ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வாங்கோ. எதில் விழுதோ அந்த வழியில் பிழை. பூட்டின வீட்டில் கூடுதலாக வெளி லைற்றும் குளியலறைப் பிளக்கும்தான்: ஈரம் இறங்கியிருக்கும், எறும்பு கூடு கட்டியிருக்கும், பல்லி உள்ளே செத்திருக்கும். 1970களின் வயரிங் என்றால் ஒருமுறை வயரின் காப்பைச் சோதிக்கிற 500 வோல்ற் மெகர் கருவி வைத்துப் பார்ப்பிக்கவேணும். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் அந்த வயரை மாற்றத்தான் வேணும். எர்த் கம்பியையும் பாருங்கோ. எங்கடை பக்கம் மண் கொஞ்சம், கீழே கல்லு. சோழகக் காலத்தில் மண் காய்ந்தால் எர்த் எடுக்காது. ஆழம் போகாத இடத்தில் இரண்டு கம்பி தள்ளித் தள்ளி இறக்கி இணைக்கலாம்.

பூட்டிப் போகும்போது மெயினை முழுதாக இறக்கவேண்டிய நிலை வராமல், மோட்டருக்கும் ஒரு வெளி லைற்றுக்கும் தனி பிரேக்கர் பிரித்து வையுங்கோ. மிச்சம் எல்லாம் இறக்கம். ரி.வி., ரவுட்டர் பிளக்கைக் கழற்றி, அன்ரனா வயரையும் பிடுங்கிவிடவேணும். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடிமின்னல் அந்த வயரால்தான் வரும். ஃபிரிட்ஜைக் கழுவித் துடைத்து, கதவு மூடாமல் துணி மடித்து இடையில் வையுங்கோ. காஸ் சிலிண்டரின் ரெகுலேற்றரைக் கழற்றி மூடி போடுங்கோ. ஒரு யூனிற்றும் எரிக்காவிட்டாலும் மாத நிலைக்கட்டணம் ஏறும், கணக்கு இலக்கத்தை வைத்து அங்கிருந்தே இணையத்தில் கட்டிக்கொண்டு வாங்கோ.

ஓடும்_மரமும் எழுதியது:

கூரை ஒழுகல் புதுப் புது இடத்தில் வருது என்றால் ஓட்டில் குற்றமில்லை, மேலே இருந்து ஏதோ விழுது. தென்னை கூரைக்கு மேலே சாய்ந்து நிற்குதா பாருங்கோ. பூட்டுகிற கிழமையே காய்ந்த ஓலை, பன்னாடை, முற்றின காய் எல்லாம் இறக்கவேணும். அடுத்தது மரநாய், பூனை. ஓட்டைத் தள்ளி உள்ளுக்கு வரும் வழியைக் கண்டு வலை அடிக்கவேணும். பழைய கள்ளிக்கோட்டை ஓட்டுக்குள் புது ஓட்டைச் செருகினால் பல் பொருந்தாது, அந்த இடைவெளியால்தான் தண்ணி ஓடும். எங்கேயாவது பழைய வீடு இடிக்கிற இடத்தில் அதே அச்சில் ஐம்பது ஓடு வாங்கி வளவில் அடுக்கி வைப்பது நல்லது. முகட்டுக்குச் சிமெந்தை மட்டும் கெட்டியாகக் குழைத்துப் பூசுவதால்தான் வருடாவருடம் வெடிக்குது. சிமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று குழைத்தால் வெயிலுக்கு விரிந்து சுருங்க இடம் கொடுக்கும். மணல் உவர் இல்லாததாக இருக்கவேணும், இல்லாவிட்டால் சுவர் வியர்த்து வெள்ளை பூக்கும்.

பிளாட்டில் தண்ணி வெளியேற ஒரே ஒரு துவாரம் விட்டிருப்பார்கள். ஒரு இலை அடைத்தால் மேலே குளம்தான். இன்னொரு துவாரம், முதலாவதைவிட ஓர் அங்குலம் உயரத்தில், கட்டாயம் போடுவியுங்கோ.

கறையானுக்கு ஈரமும் மறைவும் வேணும். இரண்டையும் கொடுக்காதேங்கோ. அலுமாரியைச் சுவரில் இருந்து அரை அடி இழுத்து, காலுக்குக் கீழே ரைல்ஸ் துண்டு வையுங்கோ. அப்போதுதான் மண்குழாய் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். மட்டைப்பெட்டி, பழைய பேப்பர், மெத்தை எதுவும் நிலத்தில் இருக்கக்கூடாது. வைரம் முற்றின பனஞ்சலாகைக்குக் கறையான் லேசில் ஏறாது. தென்னஞ்சலாகை, பிளைவூட் இரண்டையும்தான் கவனிக்கவேணும். கழிவு எண்ணெய் ஊற்றுகிற பழக்கத்தை விடுங்கோ. கல்லுக்குள் இறங்கிக் கிணற்றுக்குத்தான் வரும், உங்கடைக்கு வராவிட்டால் பக்கத்து வளவுக்கு வரும். கறையான் மருந்து அடிப்பவரிடமும் கிணறு இருக்கிற பக்கத்தைக் காட்டி, அங்கே நிலத்துக்குள் மருந்து ஊசி போடவேண்டாம் என்று முதலே சொல்லுங்கோ.

குளியலறை நாற்றம்: நீர்ப்பூட்டு காய்ந்துபோவதுதான். ரொயிலெற்றிலும் தரைத் துவாரத்திலும் வளைவுக்குள் நிற்கிற தண்ணிதான் குழி வாயுவையும் கரப்பானையும் மறிக்குது. அது ஆவியாகாமல் இருக்கப் பூட்டுகிற அன்று ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை சமையல் எண்ணெய் விட்டு, மேலே தடித்த பொலித்தீன் விரித்துப் பாரம் வையுங்கோ. பூப்பைப்பில் (ஷவரில்) சுண்ணாம்பு அடைத்திருந்தால் கழற்றி ஓரிரவு வினாகிரியில் போட்டால் போதும், புதுசு வாங்கத் தேவையில்லை.

கொக்குவில்_ஸ்காபரோ எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இரண்டு விசயம் இன்னும் கேட்கவேணும். கிணற்றில் நுளம்புப் புழுவைத் தின்னச் சுகாதாரக் கந்தோர் ஆக்கள் விட்ட சின்ன மீன் நிக்குது, குளோரீன் போடும்போது என்ன செய்யிறது? மற்றது, போன மாரியில் நுளம்புப் புழு கண்டு கேற்றில் அறிவித்தல் ஒட்டியிருந்தது, தெரியவந்ததே பிந்தித்தான். ஒரு குடும்பத்தைப் பின் அறையில் இருத்திப் பார்க்கச் சொல்லலாமா என்று யோசிக்கிறோம். வீட்டிலும் இதைப் பற்றி இரண்டு கருத்து. காணிக்குப் பிரச்சினை வருமா?

உறுதிப்_பெட்டி எழுதியது:

அனுமதி கொடுத்து இருத்தியவர், இருந்த காரணத்தால் மட்டும் காணிக்கு உரித்தாளராக முடியாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் கேட்பது, உரிமையாளருக்கு எதிராக, இடையூறின்றி, பத்து வருட ஆட்சி. சிக்கல் எங்கே என்றால், அனுமதி கொடுத்தது என்பதைப் பதினைந்து வருடம் கழித்து நிரூபிக்கவேண்டி வரும்போது. வாய்ச்சொல்லில் இருத்தியவர் இறந்திருப்பார், அயலவர் இடம்பெயர்ந்திருப்பார். போர்க்காலத்தில் உரிமையைக் காக்க முடியாமல் போனவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் இருந்து விலக்கியது. அதை நினைத்து இன்றும் ஆறுதலாக இருப்பவர்கள் உண்டு. 2009க்குப் பிறகான பத்து வருடம் 2019 மே மாதமே நிறைந்துவிட்டது.

ஆகவே இருத்துவதாக இருந்தால் எழுத்தில் இருத்துங்கள். நொத்தாரிசு முன்னிலையில் ஒரு பராமரிப்பு உடன்படிக்கை: உரிமையாளரின் அனுமதியோடு, பராமரிப்பு வேலைக்காக, இன்ன அறையில் தங்குகிறார், ஒரு மாத அறிவித்தலில் வெளியேறுவார். வாடகை என்று ஒரு சதமும் வாங்காதீர்கள். வாங்கினால் உறவு வாடகைக் குடியிருப்பாக மாற இடமிருக்கிறது. மாறாக, மாதச் சம்பளத்தை வங்கி வழியே அனுப்புங்கள், அந்தப் பதிவே சாட்சி. ஆதனவரியும் மின்கட்டணமும் உங்கள் பெயரிலேயே தொடர்ந்து கட்டுப்படவேண்டும்; பற்றுச்சீட்டுகளைப் படம் எடுத்து ஒரே இடத்தில் சேருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உடன்படிக்கையைப் புதிதாகக் கையெழுத்திடுவது நல்லது.

கேற்றில் ஒட்டிய அறிவித்தலுக்குப் பதில் சொல்ல ஒருவர் தேவை. அதற்கு முழு அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) கொடுக்கவேண்டாம். விசேட அற்றோணித் தத்துவம் போதும்: பிரதேச சபை, சுகாதாரக் கந்தோர், மின்சாரம், பொலிஸ் முறைப்பாடு என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுதி, விற்க, ஈடு வைக்க, குத்தகைக்குக் கொடுக்க அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாக ஒரு வரி சேர்க்கவேண்டும். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அத்தாட்சி பெற்று, இங்கே பதிவுசெய்ய வேண்டும். காணி உறுதியில் உள்ள பெயரும் கனேடியக் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தகப்பன் பெயர் முன்பின்னாக வந்திருந்தால் இருவரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசியையும் சேர்த்து அனுப்பவேண்டும். இதை விட்டுத்தான் பல பத்திரங்கள் திரும்பி வருகின்றன. சகோதரர்களுக்கும் பங்கு இருந்தால் எல்லாரும் கையெழுத்திடவேண்டும்.

கிணற்றடி எழுதியது:

மீனை முதலில் வலையால் பிடித்து, அதே கிணற்றுத் தண்ணி நிரப்பின தொட்டியில் விடுங்கோ. குளோரீன் பட்டால் எல்லாம் சாகும். இறைத்து மணம் போனபிறகும் இரண்டு நாள் பொறுத்துத் திரும்ப விடலாம்.

நுளம்பு முட்டை ஏழு முதல் பத்து நாளில் பறக்கிற நுளம்பாகிவிடும். அதனால் ஐப்பசி தொடங்கித் தை முடியுமட்டும் மாதம் ஒருக்கா ஆள் வருவது போதாது, கிழமைக்கு ஒருக்கா வரவேணும். குடும்பம் இருத்தாவிட்டாலும் நம்பிக்கையான ஒருவருக்கு ஒரு மணித்தியால வேலைதான். பீலி, பிளாட்டின் இரண்டு துவாரம், தாங்கியின் வழிவுப் பைப்பில் கட்டின வலை, சிரட்டை, கோம்பை. பலரும் பார்க்காத இரண்டு இடம்: மதிலில் பதித்த போத்தல் அடிகள், மேல் வாய் திறந்த கேற்றுப் பைப். இரண்டையும் இப்போதே சிமெந்தால் அடைத்துவிடுங்கோ. மேல்தாங்கியை வெறுமையாக்கி மூடி கட்டிவிடவேணும். வெறும் தாங்கி வாடைக்காற்றுக்குப் பறக்கும், கம்பியால் இறுக்கிக் கட்டுங்கோ.

வந்த கையோடு மோட்டரைப் பதினைந்து நிமிசம் ஓடவிடச் சொல்லுங்கோ, தண்ணியை வளவுக்கு விடட்டும். சீல் ஒட்டாது, ஃபுட்வால்வ் காயாது, கிணறும் அசையும். வெளி லைற்றைப் போட்டுப் பார்த்து, ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அமத்தி விழுத்தித் திரும்ப ஏற்றவேணும். குளியலறைப் பொலித்தீனைத் தூக்கித் தண்ணி குறைந்திருந்தால் ஒரு செம்பு விட்டு எண்ணெயும் கொஞ்சம் விடவேணும். யன்னலை அந்த ஒரு மணித்தியாலமும் திறந்து வைக்கட்டும். வேலை முடிய வட்ஸ்அப்பில் ஆறு படம்: கிணற்றுத் தண்ணி மட்டம், பிளாட், முன் கூரை, அலுமாரியின் பின்பக்கம், மின் பெட்டி, கேற்றின் வெளிப்பக்கம். கேற்றுப் படம் எப்போதும் கடைசியாக, பூட்டுப் போட்ட பிறகு எடுக்கவேணும். அறிவித்தல் ஏதும் ஒட்டியிருந்தால் அன்றைக்கே உங்களுக்குத் தெரியும்.